செத்துப்போன அனுமதிகளும் உயிரோடிருக்கும் குழாய்களும்

சிங்கப்பூரில் சிறிய தொழிற்சாலைகளின் கழிவுநீர்க் கோப்புகளைப் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனித் துறையே இருக்கும், அவர்களுக்கு நான் தேவையில்லை. நான் போவது பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடங்களுக்கு. மசாலா அரைக்கிற இடம், மாவு ஆட்டுகிற இடம், துணி வெளுக்கிற இடம், உலோகத்துக்கு முலாம் பூசுகிற இடம். உட்லண்ட்ஸ், காக்கி புக்கிட், பாண்டான் லூப், துவாஸ் என்று அலைச்சல். கையில் ஐஸ் பெட்டி, மாதிரி எடுக்கும் போத்தல்கள், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் ஒரு பிஎச் மீட்டர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் “என்வயர்ன்மென்ட்” என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். பந்தியில் உட்கார்ந்து விளக்குகிற தொழில் இல்லை இது.

இந்த வேலையில் எனக்குத் தலைவலி கொடுப்பது நாற்றமும் இல்லை, ரசாயனமும் இல்லை. பழைய காகிதம்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலாளி இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட கடிதம் ஒன்றை எடுத்து நீட்டுவார். “எல்லாம் கரெக்டா இருக்கு, பாருங்க.” தலைப்பில் சுற்றுப்புற அமைச்சு என்று இருக்கும். கழிவுநீரும் வடிகாலும் அந்த அமைச்சிடமிருந்து பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குக் கைமாறியது 2001ஆம் ஆண்டில். அப்படியானால் கடிதத்துக்கு என்ன வயது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் சொல்லியிருக்கும் இயந்திரங்களில் பாதி பழைய இரும்புக்குப் போயிருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். ஆனால் காகிதம் மட்டும் அழுக்குப் படாமல் பளபளவென்று இருக்கும்.

என் கட்சி இதுதான்: அனுமதி கொடுக்கும்போது காட்டுகிற அக்கறையில் கால்வாசியைக்கூட அதைத் திருத்தவோ ரத்து செய்யவோ யாரும் காட்டுவதில்லை. முதலாளியும் சரி, கட்டடக்காரரும் சரி, ஆலோசகர்களும் சரி. அப்புறம், ரத்து செய்வது என்றால் கோப்பை மூடி அலமாரியில் வைப்பது என்று நினைக்கிறோம். நேரில் போய்க் குழாயைப் பார்க்காமல் ரத்து செய்யப்படும் அனுமதியை நான் நம்புவதில்லை.

இங்கே தொழிற்கழிவுநீர் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று புரியாது.

சிங்கப்பூரில் தண்ணீர் போக இரண்டு தனித்தனி வழிகள். கழிவறை, சமையலறை, தொழிற்சாலைத் தண்ணீர் மூடிய கழிவுநீர்க் குழாயில் போகும். மழைத் தண்ணீர் லோங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில், போகும். இரண்டும் எங்கேயும் கலக்கக் கூடாது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, 17 நீர்த்தேக்கங்கள். ஆகவே லோங்காங்கில் ஊற்றுவது பெரும்பாலும் சுற்றிச் சுற்றி நம் வீட்டுக் குழாய்க்கே வரும். கழிவுநீர்க் குழாயில் போவதும் வீணாவதில்லை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் பம்ப் உதவியில்லாமல் சரிவிலேயே ஓடி வரும். சாங்கி நிலையம் 2009ல் திறக்கப்பட்டபோது நாளுக்கு 800,000 கன மீட்டர் சுத்திகரிக்கும் அளவில் கட்டப்பட்டது. அங்கே சுத்தமாகும் தண்ணீரில் ஒரு பகுதி நுண்வடிகட்டல், தலைகீழ்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று படிகளைத் தாண்டிப் புதுநீர், அதாவது மறுபடி பயன்படுத்தும் அளவுக்குச் சுத்தமான தண்ணீர், ஆகிறது. நாம் குடிக்கிற தண்ணீரும் தொழிற்சாலை வெளியேற்றுகிற தண்ணீரும் இவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருக்கும் ஊர்கள் உலகத்தில் கொஞ்சம்தான்.

அதனால்தான் பொதுக் கழிவுநீர்க் குழாயில் தொழிற்கழிவுநீர் விட எழுத்துமூல அனுமதி வேண்டும். 1999ஆம் ஆண்டின் கழிவுநீர், வடிகால் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் அளவுகளைச் சொல்கின்றன: வெப்பம் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பிஎச் 6க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும், பிஓடி லிட்டருக்கு 400 மில்லிகிராம், சிஓடி 600, கரையாத துகள்கள் 400. கன உலோகங்களுக்குத் தனிப் பட்டியல். அதே தண்ணீரை லோங்காங்கில் விட நினைத்தால் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் விதிகள் வரும். அங்கே பிஓடி 50. அந்த லோங்காங் குடிநீர் எடுக்கும் இடத்துக்குப் போகிறதென்றால் 20. சின்னத் தொழிற்சாலை எதற்கும் அந்த 20ஐத் தொட முடியாது என்பதால் எல்லாரும் கழிவுநீர்க் குழாய்க்கே வருகிறார்கள்.

பிஓடி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரில் கிடக்கும் கரிமப் பொருளைக் கிருமிகள் தின்னும்போது அவற்றுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதன் அளவு. 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். சிஓடி என்பது அதே ஆக்சிஜன் தேவையை ரசாயனத்தைக் கொண்டு அளப்பது. இன்று மாதிரி எடுத்தால் அடுத்த வாரம்தான் முடிவு. அவசரப்படுகிற முதலாளிகளிடம் இதைச் சொல்லும்போது வாங்குகிற பேச்சு தனிக்கதை.

பழைய ஆட்களுக்கு இந்த ஊரின் தண்ணீர்க் கதை தெரியும். டோபி காட் என்ற இடத்தில் நம்மவர்கள் ஓடைத் தண்ணீரில் துணி வெளுத்தார்கள். அந்த ஓடை இன்று கான்கிரீட்டுக்குள் ஸ்டாம்ஃபர்டு கால்வாயாக ஓடுகிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகள் இருந்தன, எருமை பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. 1977ல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். 1987க்குள் செய்து முடித்தார்கள். காலாங் வட்டாரத்தில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 1984ல் பன்றி வளர்ப்பையே நாட்டில் படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது, பொங்கோலில் நவீனமாகப் பண்ணை வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அதெல்லாம் ஒட்டுமொத்த வெட்டு. சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம், ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது. பண்ணை போய்விட்டது என்றால் போய்விட்டது.

இன்று தொழில்கள் அப்படி ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுகின்றன. சிக்கல் அங்கேதான்.

உட்லண்ட்ஸ் பக்கம் உணவுத் தொழிற்சாலைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம் ஒன்று. அதில் ஓர் அக்கா தோசை மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார். இடத்தைத் தொடங்கியவர் அவர் கணவர். அப்போது முறுக்கு, மிக்சர், ஓமப்பொடி. அனுமதிக் கடிதத்தில் எண்ணெய்ச் சட்டிகள் எத்தனை, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் டிராப் எவ்வளவு கொள்ளளவு, கழிவுநீர் நாளுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. முறுக்கு சுடுகிற இடத்தில் தண்ணீர்ச் செலவு அதிகம் இல்லை, சட்டி கழுவுவது, தரை கழுவுவது, அவ்வளவுதான். கணவர் தவறிய பிறகு பொரிக்கிற வேலையை அக்கா நிறுத்திவிட்டார். பெரிய கிரைண்டர்களும், அரிசி உளுந்து ஊறவைக்கும் எவர்சில்வர்த் தொட்டிகளும் வந்தன. கடிதம் அப்படியே இருந்தது.

நான் போனபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. “எண்ணெயே இல்லையே தம்பி. முன்னாடிக்கு இப்பதான சுத்தமா இருக்கோம்? அரிசி கழுவுன தண்ணிக்கு என்ன பர்மிட்டு?”

வெளியில் இருக்கும் மாதிரிக் குழியின் மூடியைத் திறந்தோம். பொதுக் குழாயில் சேருவதற்கு முன்னால் கடைசியாகத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது. காலை பதினொரு மணி, கிரைண்டர் கழுவுகிற நேரம். உள்ளே ஓடியது பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், ஓரத்தில் நுரை. குழியின் சுவரில் விரல் தடிமனுக்கு மாவு படிந்து, மேல்புறம் காய்ந்து வெடித்திருந்தது. வாசனை அசல் முதல்நாள் மாவு வாசனை. பிஎச் மீட்டரை விட்டேன், 5க்கும் கீழே காட்டியது. புளித்த மாவுத் தண்ணீர் புளிப்பாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஊரில் என்றால் இந்தக் கழனித்தண்ணீர் முழுவதும் மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கும், மாடு ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. அங்கே அது தீவனம். இங்கே மாடு இல்லை, சாங்கியில் இருக்கும் கிருமிகள்தான் தின்ன வேண்டும், அவற்றுக்கு ஆக்சிஜன் ஊத மின்சாரம் வேண்டும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். இது அந்த அக்காவின் சோதனை முடிவு இல்லை, சும்மா ஓர் எடுத்துக்காட்டு. மாவுத் தொழிற்சாலை ஒன்று நாளுக்கு 5,000 லிட்டர் தண்ணீர் விடுகிறது, பிஓடி லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நாளுக்கு 15 கிலோ. ஒரு மனிதர் நாளுக்கு வெளியேற்றும் பிஓடி 60 கிராம் என்பது பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் பொதுக்கணக்கு. ஆக, ஆறேழு பேர் வேலை செய்கிற ஓர் அறையிலிருந்து 250 பேர் குடியிருக்கும் புளோக் அளவுக்குக் கழிவு போகிறது. அக்கா கொஞ்ச நேரம் கால்குலேட்டரையே பார்த்துவிட்டு, “இதுக்கு முறுக்கே சுட்டிருக்கலாம் போல” என்றார்.

அவர் பயந்தது அபராதத்துக்கு. அனுமதியைத் திருத்தப் போனால் இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களோ, கடையைச் சாத்தச் சொல்வார்களோ என்று. சின்ன முதலாளிகள் கடிதத்தைத் தொடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான், சோம்பல் இல்லை. ஆனால் விதியில் வழி இருக்கிறது. மக்கிப்போகக்கூடிய கழிவாக இருந்தால், பிஓடியும் துகளும் 400ஐத் தாண்டினாலும் 4,000 வரை, அனுமதி பெற்றுக் கட்டணம் கட்டிக் குழாயில் விடலாம். எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு அளவு என்பதைப் பொறுத்துக் கட்டணம். அதாவது அக்காவின் வெள்ளைத் தண்ணீர் ஒன்றும் குற்றம் இல்லை. யாருக்கும் தெரியாமல், காசு கொடுக்காமல் போவதுதான் தப்பு. பிஎச் விஷயம் வேறு. அதற்குப் பணம் கட்டித் தப்பிக்க வழி இல்லை, சரி செய்துதான் ஆக வேண்டும். புளித்த தண்ணீர் வருடக்கணக்கில் ஓடினால் கான்கிரீட்டையே அரித்துவிடும்.

இன்னொரு காரணம் செலவு. வரைபடம் போட ஆள், சோதனைக்கூடக் கட்டணம், என்னைப் போன்றவர்களுக்குக் கூலி. மூன்றாவது காரணத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. உறை போட்ட கடிதத்தைப் பார்த்தால் மனதுக்கு ஒரு தைரியம். அரசாங்க முத்திரை இருக்கிறதே. அந்த முத்திரை எந்த இயந்திரத்துக்கு, எந்தத் தண்ணீருக்கு என்று யார் வாசிக்கிறார்கள்?

காகிதம் பழசாகும்போது தொழில் மட்டும் மாறுவதில்லை, சட்டமும் அறிவியலும் சேர்ந்தே மாறுகின்றன. ஒரு காலத்தில் முலாம் பூசும் கடை என்றால் குரோமியம், நிக்கல், தாமிரம், சயனைடு என்றுதான் பார்த்தார்கள். உலோகத்தைத் துடைக்கப் பயன்படும் கரைப்பான்களைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. புதுநீர் வந்த பிறகு அது பெரிய விஷயமாகிவிட்டது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் கழிவுநீர்க் குழாய்களுக்குள் உணரிகளை வைத்திருக்கிறது. விடக் கூடாத சேர்மங்களுக்கு விதியில் பட்டியல் இருக்கிறது. பழைய கடிதத்தில் அந்தப் பெயர்கள் இருக்காது. கடிதத்தில் இல்லை என்பதால் விடலாம் என்று அர்த்தமில்லை, ஆனால் அப்படி நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிப் பெயரும் எண்ணும்கூட மாறியிருக்கும். 2009ல் நிறுவனங்களுக்கான தனி அடையாள எண்ணான யூஇஎன் வந்தது, பல கடிதங்களில் அதற்கு முந்தைய எண்தான்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று அவ்வப்போது வாசிப்பேன். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் ஆற்றிலோ கடலிலோ கழிவுநீர் விடும் அனுமதிக்கு அதிகபட்ச ஆயுள் 5 ஆண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கச் சரியான நேரத்தில் விண்ணப்பித்துவிட்டால், புதியது வரும்வரை பழைய அனுமதியே தொடரும். அலுவலகத்தில் வேலை தேங்கினால் அந்த ‘வரும்வரை’ வருடக்கணக்கில் நீளும். காலாவதித் தேதி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இது.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வகை உண்டு. 1969ல் வந்த போர்ட்டர்-கோலோன் சட்டத்தின் கீழ், நிலத்தில் விடும் கழிவுநீருக்கு வட்டார நீர் வாரியங்கள் தனித்தனி ஆணை போடுகின்றன. மொத்தம் ஒன்பது வாரியங்கள். அந்த ஆணைகளுக்குத் தானாகக் காலாவதி கிடையாது. அதனால் கேம்ப் தளம், நடமாடும் வீடுகள் நிற்கும் பூங்கா, மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன இடங்களுக்குப் போட்ட ஆணைகள் கோப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும். சில இடங்கள் மூடப்பட்டிருக்கும், சில நகராட்சிக் குழாயோடு இணைந்திருக்கும், சில கைமாறியிருக்கும். வாரியங்கள் அவ்வப்போது அவற்றைத் தேடி எடுத்து முறைப்படி ரத்து செய்கின்றன. உயிரோடிருக்கும் சின்ன இடங்களைத் தனி ஆணையிலிருந்து விடுவித்து ஒரு பொது ஆணையின் கீழ் கொண்டுவருகின்றன. 2014ல் மாநில வாரியம் போட்ட பொது ஆணை, நாளுக்கு 100,000 கேலன் வரை, அதாவது ஏறக்குறைய 380,000 லிட்டர் வரை, வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சிறிய அமைப்புகளுக்கானது. ஒவ்வொரு கேம்ப் தளத்துக்கும் தனித்தனியாக ஆணை எழுதிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். சின்ன ஆளுக்கும் தான் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்தியாவிலும் வேறொரு விதத்தில் இது நடந்தது. 2016ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மதிப்பெண் போட்டுப் பிரித்தது. அப்போது 60ம் அதற்கு மேலும் என்றால் சிவப்பு, 20 வரை வெள்ளை. வெள்ளைக்கு இயக்க அனுமதியே வேண்டாம், தகவல் கொடுத்தால் போதும். ஊரில் என் மாமா மகன் இதை வைத்து ஒரு வருடம் சந்தோஷமாக இருந்தான். நானும் இந்தப் போக்குக்கு எதிரி இல்லை. மாசே இல்லாத இடத்தில் காகிதத்தைத் துரத்திக்கொண்டு திரியும் அதிகாரி, மாசு இருக்கும் இடத்துக்குப் போக நேரமில்லாமல் இருப்பார்.

ஆனால் ‘சிறியது’ என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தண்ணீரின் அளவை மட்டும் வைத்தால் ஏமாந்துவிடுவோம். 380,000 லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு 95 கிலோ பிஓடி வரும். மேலே சொன்ன மாவுக் கணக்கில் 5,000 லிட்டருக்கே 15 கிலோ. தண்ணீர் 76இல் ஒரு பங்கு, சுமை ஆறில் ஒரு பங்கு. முலாம் கடையில் ஒரு வாளித் தண்ணீர் போதும், அன்றைய கிருமிகளின் கதை முடிந்தது. கலிஃபோர்னியாக்காரர்கள் அந்தப் பொது ஆணையை வீட்டுக் கழிவுநீருக்கு என்று வரம்பு கட்டியதன் நியாயம் இங்கேதான் புரிகிறது. தொழிற்கழிவை அதே பையில் போட்டுவிடக் கூடாது.

இனி ரத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய தொழிற்பேட்டையில் தரைத்தளக் கடை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கழிவறையில் கரைப்பான் நெடி. கட்டடக்காரருக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்தக் கடையில் பெயர்ப்பலகை அச்சடிக்கிறார்கள், தண்ணீரே பயன்படுத்துவதில்லை என்றார்கள். தண்ணீர் பயன்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் மூலையில் ஒரு மேசைக்கு அடியில், ரப்பர் விரிப்பை நீக்கினால், தரையில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றிக் கறுப்பும் நீலமுமாகக் கறை. அங்கே வேலை பார்த்த பையன், புதுக்கோட்டைப் பக்கம், மறைக்காமல் சொன்னான்: “ஓட்டை இருந்துச்சுண்ணே, பிரஷ் கழுவுனத ஊத்துனோம். பர்மிட்டு இருக்குன்னாங்க.” சுவரில் பார்த்தால் ஃபிரேம் போட்டு ஒரு கடிதம். முன்பு அங்கே இருந்த முலாம் கடையின் அனுமதி. முலாம் கடைக்காரர் கடையை மூடி, சுத்திகரிப்புத் தொட்டியைக் கழற்றி விற்றுவிட்டு, கடிதத்தை மட்டும் சுவரிலேயே விட்டுப் போயிருக்கிறார். வந்தவர்கள் அது இடத்துக்குக் கொடுத்த அனுமதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு பாட்டில் பச்சைச் சாயத் தண்ணீரை அந்த ஓட்டையில் ஊற்றச் சொல்லிவிட்டு நான் வெளியே குழி மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பளீரென்ற பச்சை, கண்ணைப் பறிக்கிற பச்சை, நேராகப் பொதுக் குழாயை நோக்கி ஓடியது. நடுவில் தொட்டியும் இல்லை, வடிகட்டியும் இல்லை, பிஎச் கருவியும் இல்லை. கட்டடக்காரர் வைத்திருந்த வரைபடத்தில் மட்டும் தொட்டி பத்திரமாக இருந்தது, அளவோடு.

முலாம் கடை போனது எல்லாருக்கும் தெரியும். வாடகை ஒப்பந்தம் முடிந்தது, சாவி கைமாறியது, கம்பெனிப் பதிவும் நீங்கியிருக்கும். காகிதத்தின் பக்கம் பார்த்தால் எல்லாம் முடிந்த கதை. தரைக்குக் கீழே மட்டும் முடியவில்லை. யாராவது ஒருவர், கடை காலியான அன்று, கையில் ஒரு சிமெண்டு மூட்டையோடு போயிருந்தால் போதும்.

ஆகவே ரத்து செய்கிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், காகிதத்தைக் கடைசியில்தான் சொல்வேன். தொட்டிக்குள் கிடக்கும் சகதியை யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள், உரிமம் உள்ள லாரியா என்பது முதலில். திறந்தவெளிக் குட்டை இருந்த பண்ணை என்றால் குட்டையைத் தூர்த்தார்களா, அடியில் என்ன படிந்திருக்கிறது என்பது. தரைக் குழாய்களைப் பொதுக் குழாயிலிருந்து துண்டித்து இரண்டு முனையையும் அடைத்தார்களா என்பது அடுத்தது, இதுதான் எல்லாரும் விடுகிற இடம். அதற்குப் பிறகு வரைபடத்தைத் திருத்தி அடுத்த வாடகைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். பழைய கடிதத்தைச் சுவரிலிருந்து இறக்கவும் வேண்டும்.

இதற்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் சண்டை. புறப்படுகிறவருக்கு இனி இந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பல நேரம் நஷ்டப்பட்டுத்தான் போகிறார். வருகிறவர் இன்னொருத்தர் குழாய்க்கு ஏன் செலவழிக்க வேண்டும்? கட்டடக்காரர் வாடகைக்காரரைக் கை காட்டுவார். என் யோசனை எளிது: வாடகை முன்பணத்தில் ஒரு சின்னத் தொகையை இதற்கென்று நிறுத்தி வைத்து, குழாய் அடைத்த படத்தையும் சகதி ஏற்றிய ரசீதையும் பார்த்த பிறகு திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று. சுவருக்குப் பெயிண்ட் அடித்தாரா, கூரை விளக்கு வேலை செய்கிறதா என்று சாவி வாங்கும்போது பார்க்கிறார்கள்தானே. குனிந்து தரையையும் பார்க்கலாம்.

பெயர்ப்பலகைக் கடையில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். கரைப்பானை இப்போது பீப்பாயில் சேர்த்து, நச்சுக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுக்கிறார்கள். அதன் மாதச் செலவைப் பற்றி முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புகிறார்.

மாவு அக்காவின் விண்ணப்பம் போய்விட்டது. பழைய எண்ணெய்ச் சட்டிகளை நீக்கி, கிரைண்டர்களையும் ஊறவைக்கும் தொட்டிகளையும் சேர்த்து, தண்ணீர் அளவை மீட்டர் பார்த்து எழுதியிருக்கிறோம். கழுவுகிற நேரத்தில் மொத்தமாக ஓடாமல் சீராகப் போகவும், பிஎச்சைச் சரி செய்யவும் ஒரு சமன் செய்யும் தொட்டி வைக்க வேண்டும். அந்தத் தொட்டி நிரம்பினால் மூன்று டன் வரும், தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் அக்கா கிரைண்டரை முதலில் ரப்பர் கத்தியால் வழித்து மாவை எடுத்துவிட்டுப் பிறகு கழுவச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டார். முதல் மாதிரிக்கும் அடுத்ததற்கும் கண்ணாலேயே வித்தியாசம் தெரிந்தது. வழித்த மாவில் என்ன செய்யலாம் என்று இப்போது அவருக்கு ஒரு யோசனை, ஆட்டுப் பண்ணைக்காரர் யாரையாவது தெரியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங் பக்கம் விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.